ஒகினாவாவைக் கல்லைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது: கோட்டை, குகை, காடு என ஐந்து நாள் வழிகாட்டி

ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவு என்றாலே எல்லாரும் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடல் எங்கே போய்விடப் போகிறது? தீவின் பெரும்பாலான மேடுகளில் ஏறி நின்றால் கண்ணில் படும். முதல் தடவை நானும் கடற்கரை கடற்கரையாக அலைந்துவிட்டு, ஊரைப் பார்க்காமலே திரும்பினேன். இரண்டாவது முறை போனபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தத் தீவில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதியை ஒரே ஒரு கல் கோத்து வைத்திருக்கிறது.

தென்பாதியில் பரவலாகப் பவளச் சுண்ணக்கல். ரியூக்யூ சுண்ணக்கல் என்பார்கள். நம்மில் சிலர் முருகைக்கல் என்று சொல்லும் வகைதான். பவளம் செத்து, படிந்து, இறுகி, கடலுக்கு மேலே எழும்பி வந்த தரை அது. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டே போவதால் அடியில் குகைகள் உண்டாகும். உளிக்கு இணங்கும் கல் என்பதால் வளைத்து வளைத்துக் கோட்டைச் சுவர் கட்டினார்கள். பாறை பிளந்து நின்ற இடங்களில் சாமி கும்பிட்டார்கள். 1945இல் போர் வந்தபோது அதே குகைகளுக்குள் போய் ஒளிந்தார்கள். வடபாதியின் கதை வேறு. அங்கே பழைய பாறையும் செம்மண்ணும், அதன்மேல் அடர்ந்த காடும்.

தெற்கிலிருந்து வடக்கே போகிற இந்த வரிசை ஐந்து நாளுக்கானது. ஆறாவது நாள் கையில் இருந்தால் பக்கத்துத் தீவு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புறப்படும் முன்: மாதம், வண்டி, ஒரு உபரி நாள்

மே இரண்டாம் வாரம் தொடங்கி ஜூன் கடைசி வாரம் வரை மழைக்காலம். அது முடிந்ததும் வெயில் கொளுத்தும், கூடவே புயலும் வரும். ஜூலை முதல் அக்டோபர் வரை எப்போது வேண்டுமானாலும் ஒரு புயல் வந்து விமானத்தையும் கப்பலையும் நிறுத்திவிடலாம். நடந்து பார்க்கிற பயணத்துக்கு மார்ச், ஏப்ரல் அல்லது நவம்பர், டிசம்பர்தான் என் தேர்வு. ஜனவரியில் கடலில் இறங்க முடியாத அளவுக்குக் குளிரும். ஆனால் அந்த மாதக் கடைசியில் செர்ரி பூக்கும். ஜப்பானின் மற்ற பகுதிகளில் பூ தெற்கிலிருந்து வடக்கே ஏறிப் போகும். இந்தத் தீவில் மட்டும் குளிர்ந்த வடக்கில் தொடங்கித் தெற்கே இறங்கும்.

எந்த மாதமானாலும் ஊர் திரும்புவதற்கு முந்தின நாளை நாஹா நகரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே மலையிலோ பக்கத்துத் தீவிலோ மாட்டிக்கொண்டால் விமானம் போய்விடும்.

நாஹாவில் மோனோரயில் இருக்கிறது. நகரத்தைத் தாண்டினால் வாடகைக் கார் இல்லாமல் சிரமம்; பஸ் உண்டு, ஆனால் நாளுக்கு இரண்டு இடம் பார்ப்பதே பெரும்பாடு. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வழங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைத்தான் ஜப்பானில் ஏற்பார்கள். ஊரிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. சாலையில் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. போருக்குப் பின் 1972 வரை தீவு அமெரிக்க நிர்வாகத்தில் இருந்ததால் வண்டிகள் வலதுபக்கம் போய்க்கொண்டிருந்தன. 1978 ஜூலை 30 அன்று காலையில், தீவு முழுவதும் ஒரே நாளில் இடதுபக்கத்துக்கு மாறியது.

சாலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே தாரோடு கலக்கும் ஜல்லியிலும் இந்தச் சுண்ணக்கல்தான். தேய்ந்து வழவழப்பாகிவிடும். லேசாகத் தூறல் போட்ட ஒரு சாயங்காலம், இறக்கத்தில் நான் பிரேக்கை மிதிக்க, வண்டி நிற்காமல் ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. முன்னால் வண்டி எதுவும் இல்லாததால் பிழைத்தேன். நாஹாவுக்குள் காலையிலும் மாலையிலும் பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கிய தடங்கள் உண்டு, அவற்றிலும் கவனம் வேண்டும். வாடகைக் கார்களின் நம்பர் பலகையில் பெரும்பாலும் ‘வா’ என்ற ஜப்பானிய எழுத்து இருக்கும். அதைப் பார்த்ததும் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் தள்ளியே வருவார்கள். வருத்தப்படாதீர்கள், நமக்கும் அது நல்லதுதான்.

முதல் நாள்: ஷூரி, கார் இல்லாமல்

மோனோரயிலில் ஒருநாள் சீட்டு வாங்கினால் முதலில் பயன்படுத்திய நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். ஷூரி நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் கோட்டை. ஆனால் நேரே கோட்டைக்குள் போய்விட வேண்டாம். அதன் வாசலுக்குச் சற்று முன்னால் தாமாஉதூன் இருக்கிறது. ஒகினாவா முன்பு ரியூக்யூ என்ற தனி நாடாக இருந்தது; அந்த அரசர்களின் கல்லறை அது, 1501இல் மன்னர் ஷோ ஷின் கட்டியது. கூட்டம் அனேகமாக இருக்காது.

உள்ளே போனால் முற்றம் முழுக்கப் பவளத் துண்டுகள் பரப்பியிருக்கும். நடக்கும்போது காலடியில் சலசலக்கும். எதிரே மூன்று அறைகள் கொண்ட கல் கட்டடம். இறந்தவரின் உடலை முதலில் நடு அறையில் வைப்பார்கள். ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்துக் கழுவி, தாழியில் இட்டு, அரசனும் அரசியுமானால் கிழக்கு அறையிலும் மற்றவர்களானால் மேற்கு அறையிலும் வைப்பார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்திருப்பவர்கள் அந்த முற்றத்தில் கொஞ்சநேரம் கூடுதலாகவே நிற்பார்கள்.

அடுத்து ஷூரெய்மோன் வாசல். 2000 யென் நோட்டில் இருப்பது இதுதான். ஜப்பானின் மற்ற ஊர்களில் அந்த நோட்டைக் கண்ணில் காண்பதே அரிது. இங்கே சாதாரணமாகக் கைக்கு வரும்.

ஷூரி கோட்டையின் முதன்மை மண்டபத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 1429இல் ஷோ ஹாஷி என்ற அரசர் தீவில் இருந்த மூன்று நாடுகளை ஒன்றாக்கிய பிறகு, 1879இல் ஜப்பான் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் வரை அரசு இங்கிருந்துதான் நடந்தது. இடையில் பலமுறை எரிந்திருக்கிறது. 1945இல் ஜப்பானியப் படையின் தலைமையகச் சுரங்கம் இதன் அடியில் இருந்ததால் குண்டுவீச்சில் தரைமட்டமானது. 1992இல் மறுபடி கட்டினார்கள். 2019 அக்டோபர் 31 விடியற்காலைத் தீயில் அதுவும் போனது. இப்போது நடக்கும் மறுகட்டுமானம் 2026 இலையுதிர்காலத்தை இலக்காகக் கொண்டது. போகும் முன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு “அப்படியானால் பார்க்க என்ன இருக்கிறது” என்று நினைக்க வேண்டாம். சுவர்களைப் பாருங்கள். மூலை என்று ஒன்றே இல்லாமல் வளைந்து போகும் வெளிச்சுவர், வாசல்கள், அப்புறம் ரியூஹி ஊற்று. அந்த ஊற்றில் தண்ணீர் கொட்டும் கல் டிராகன் தலை 1523இல் சீனாவிலிருந்து வந்தது. இத்தனை தீயையும் போரையும் தாண்டி இன்னும் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது.

கோட்டையிலிருந்து தெற்குப் பக்கமாக இறங்கினால் கின்ஜோ கல்பாதை. பழைய அரசப் பாதையில் மிஞ்சியது 300 மீட்டர் அளவுதான். கால் பட்டுப் பட்டு மெருகேறிய கல், செங்குத்தான இறக்கம். ஈரமாக இருந்தால் கைப்பிடியைப் பிடித்தே நடங்கள். வழியில் சந்துக்குள் திரும்பினால் மிகப் பழைய அகாகி மரங்கள் சில நிற்கின்றன.

அதே பக்கத்தில் ஷிகினாஎன், 1799இல் கட்டிய அரசத் தோட்ட மாளிகை. புதன்கிழமை மூடியிருக்கும். குளமும் பாலமும் அழகுதான், ஆனால் நீங்கள் போக வேண்டியது கான்கோதாய் என்ற மேட்டுக்கு. சீனத் தூதர்களை இங்கேதான் அழைத்து வந்து காட்டுவார்களாம். அங்கே நின்று நாலா பக்கமும் பாருங்கள்: கடல் தெரியாது! சின்னத் தீவு என்பது விருந்தாளிக்குத் தெரியாதபடி இடம் தேர்ந்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: தெற்கு

இன்று காரை எடுங்கள். காலையிலேயே செய்ஃபா உதாகிக்குப் போய்விட வேண்டும், பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். நுழைவுச் சீட்டு வாசலில் கிடைக்காது. கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் மேலே நடக்க வேண்டும். சந்திர நாள்காட்டியின் ஐந்தாம் மாதத்திலும் பத்தாம் மாதத்திலும் முதல் மூன்று நாள் மூடிவிடுவார்கள்.

உதாகி என்றால் என்ன என்று தமிழருக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை: கோயில்காடு. கோபுரமும் இல்லை, சிலையும் இல்லை. மரமும் பாறையும்தான். ரியூக்யூ நாட்டில் தெய்வ காரியம் பெண்களின் கையில் இருந்தது. நாட்டின் தலைமைப் பூசாரி அரச குடும்பத்துப் பெண்; அவர் பதவியேற்கும் சடங்கு இங்கே நடந்தது. ஆண்களுக்கு அனுமதி இல்லை.

கடைசியாக வரும் இடம் சாங்குயி. ஒரு பெரும் பாறைப் பலகை மற்றொன்றின் மீது சாய்ந்து, நடுவே முக்கோணமாக வழி விட்டிருக்கிறது. அதற்கு முன்னால் மேலேயுள்ள பாறை விழுதுகளிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க இரண்டு சாடிகள். நான் போனபோது ஒரு துளி திரண்டு, நீண்டு, விழுவதற்கு எவ்வளவோ நேரம் எடுத்தது. பின்னால் வந்த கூட்டமும் சத்தமில்லாமல் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு நின்றது. முக்கோண வழியின் அந்தப் பக்கம் போக முடியுமா என்பது அன்றைய ஏற்பாட்டைப் பொறுத்தது. வழியில் தவளைகள் வாழும் ஒரு சின்னக் குட்டை வரும். அது 1945இல் விழுந்த குண்டு தோண்டிய பள்ளம்.

பாறை மேல் ஏறாதீர்கள், கல்லோ பவளத்துண்டோ எடுத்து வராதீர்கள். இன்றைக்கும் கும்பிட வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மதியம் குகைக்கு. கியோகுசென்தோ குகையின் மொத்த நீளம் 5 கிலோமீட்டர். 890 மீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். எதிர்ப்புறத்தில் கங்காலா பள்ளத்தாக்கு. குகையின் கூரை இடிந்து விழுந்து பள்ளத்தாக்கானது, அதற்குள் காடு வளர்ந்துவிட்டது. முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக முடியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள். இங்குள்ள சாகிதாரி குகையில் கடல் நத்தை ஓட்டில் செய்த தூண்டில் முள் கிடைத்தது. வயது சுமார் 23,000 ஆண்டு. உலகில் கண்டெடுத்த மிகப் பழைய தூண்டில்களில் ஒன்று. கார்பன் கணக்கெல்லாம் இருக்கட்டும், அந்த முள்ளின் வளைவைப் படத்தில் பார்த்தால் நேற்றுச் செய்த மாதிரி இருக்கிறது.

பிற்பகலை, தெற்கு முனையில் அமைதிப் பூங்கா இருக்கும் மாபுனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1945 ஏப்ரல் 1இல் முதன்மைத் தீவில் அமெரிக்கப் படை இறங்கியது. தெற்கு முனைக்குத் தள்ளப்பட்ட மக்களும் படையும் ஜூன் கடைசிவரை இந்தச் சுண்ணக்கல் குகைகளில் கிடந்தார்கள். காமா என்று இங்கே அந்தக் குகைகளுக்குப் பெயர். அமைதிப் பூங்காவில் 1995இல் திறந்த கற்பலகைகளில் 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்திருக்கின்றன. ஒகினாவா மக்கள், ஜப்பானியர், அமெரிக்கர், கொரியர் என்று யார் எந்தப் பக்கம் என்ற பேதமில்லாமல். சில குடும்பங்களில் குழந்தையின் பெயர் தெரியவில்லை; “இன்னாரின் மகன்” என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

அருகில் ஹிமெயூரி அருங்காட்சியகம், போர்க்களச் செவிலியராக அனுப்பப்பட்ட பள்ளி மாணவிகளின் கதை. குகைக்குள்ளேயே இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால் இதோகாஸு என்ற ஊரின் அபுசிராகாமாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்து வழிகாட்டியோடு போகலாம். 270 மீட்டர் நீளம், உள்ளே விளக்கு கிடையாது. ஒரு கட்டத்தில் எல்லாரையும் டார்ச்சை அணைக்கச் சொல்வார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். இந்த நாளில் இதற்குமேல் எதையும் திணிக்க வேண்டாம், மனசு ஓடாது.

மூன்றாம் நாள்: மூன்று கோட்டைகள், ஒரு சண்டை

கோட்டைக்கு இங்கே குசுகு என்று பெயர். ஷூரியையும் சேர்த்து ஒன்பது இடங்களை 2000இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று பார்க்கப்போகும் மூன்றும் அதில் உண்டு. மூன்றுக்கும் ஒரே கதை. ஜாகிமி கோட்டையைக் கட்டியவர் கோசாமாரு என்ற தலைவர். பிறகு அரசன் சொல்லி நாகாகுசுகுவுக்கு மாறி அதை விரிவாக்கினார். எதிரே கடலோரக் குன்றில் காட்சுரென் கோட்டை, அதன் தலைவன் அமாவாரி, அரசனின் மருமகன். 1458இல் அமாவாரியின் கையால் கோசாமாரு வீழ்ந்தார். அதே ஆண்டில் அரசப் படை அமாவாரியையும் முடித்தது. யார் துரோகி என்பதில் உள்ளூரில் இன்றும் இரண்டு கட்சி. காட்சுரென் பக்கத்து ஆட்களிடம் அமாவாரியைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள்.

முதலில் காட்சுரென். கொஞ்சம் மூச்சு வாங்கும், மேலே போனால் இரண்டு பக்கமும் கடல். இங்கே தோண்டியபோது ரோமானியக் காசுகள் கிடைத்ததாக 2016இல் அறிவித்தார்கள். அவை எத்தனை கைமாறி இங்கே வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இறங்கலாம்.

அடுத்து நாகாகுசுகு. ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு இதற்கு. கல் அடுக்கும் முறை மூன்றையும் இங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். கிடைத்த கல்லைச் செதுக்காமல் அப்படியே அடுக்கியது ஒன்று. செங்கல் மாதிரி சதுரமாக வெட்டி வரிசையாக அடுக்கியது இன்னொன்று. மூன்றாவதில் ஐந்து பக்கம், ஆறு பக்கம் என ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லுக்குத் தோதாகச் செதுக்கி, ஆமை ஓடு மாதிரி பொருத்தியிருக்கிறார்கள். மூன்றாம் வட்டச் சுவரின் அருகே போய்ப் பாருங்கள்; கல்லும் கல்லும் சேரும் இடத்தில் விரல் நகம் நுழைவதே கஷ்டம். கல்லின் முகத்தில் பவளக் கிளையின் அச்சு தெரியும். 1853இல் பெர்ரி என்ற கடற்படைத் தளபதியின் அமெரிக்கக் கப்பற்குழு வந்தபோது இந்தக் கோட்டையை அளந்து படம் வரைந்து பாராட்டி எழுதி வைத்தது.

சுவர் இடுக்கில் மட்டும் கையை விடாதீர்கள். ஹாபு என்ற விரியன் இனப் பாம்புக்குக் கல்லிடுக்கு பிடித்த இடம்.

கடைசியில் ஜாகிமி. சின்னது, அரைமணி போதும். வளைவு வாசலின் உச்சியைப் பாருங்கள், இரண்டு கல்லும் சேரும் இடத்தில் ஆப்பு மாதிரி ஒரு சிறு கல்லைச் செருகியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஆப்புக்கல் வைத்த வளைவை நான் வேறெங்கும் கவனித்ததில்லை.

சூரியன் சாயும் நேரத்தில் மான்ஸாமோ முனை. யானைத் துதிக்கை மாதிரி கடலுக்குள் இறங்கும் பாறை. படத்தில் பார்த்ததுதான் நேரிலும், இருபது நிமிடத்தில் கிளம்பிவிடலாம். இரவு மோதோபு தீபகற்பத்தில் தங்குங்கள்.

நான்காம் நாள்: மோதோபு

காலையில் நாகிஜின் கோட்டை. 1.5 கிலோமீட்டர் சுவர் மலைமுகட்டின் வளைவோடு சேர்ந்து அலை மாதிரி போகிறது. நேற்றுப் பார்த்த கல்லோடு ஒப்பிடுங்கள். இது பவளக்கல்லைவிட மிகப் பழைய, இறுகிய சுண்ணக்கல். உளி எளிதில் ஏறாது, அதனால் செதுக்காமலே அடுக்கியிருக்கிறார்கள். ஷோ ஹாஷி ஒன்றாக்கிய மூன்று நாடுகளில் வடக்கில் இருந்த அரசு 1416இல் வீழ்ந்தது இங்கேதான். ஜனவரி கடைசியில் வந்தால் படிக்கட்டின் இருபுறமும் இளஞ்சிவப்புச் செர்ரி.

பிறகு பிசே கிராமம். புயல் காற்றைத் தடுக்க வீட்டைச் சுற்றி ஃபுகுகி மரங்களை வேலியாக வளர்த்து, அது தெருவெல்லாம் நிழற்குகையாகிவிட்டது. மக்கள் குடியிருக்கும் இடம், சத்தம் போடாமல் நடந்து வாருங்கள்.

சுராவுமி மீன்காட்சியகத்துக்குப் போவதானால் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், கூட்டம் குறையும். 7,500 கனமீட்டர் தொட்டி, 60 சென்டிமீட்டர் தடிமனான அக்ரிலிக் பலகைக்கு அந்தப்பக்கம் திமிங்கிலச் சுறா. பிள்ளைகள் இருந்தால் தவிர்க்க முடியாது.

ஐந்தாம் நாள்: யான்பாரு காடு

வடக்குக் காட்டை 2021இல் உலக இயற்கை மரபாக அறிவித்தார்கள். மேலிருந்து பார்த்தால் காலிஃபிளவர் அடுக்கிய மாதிரி மரத்தலைகள். இங்கே வாழும் யான்பாரு குயினா என்ற பறக்காத பறவையை அறிவியல் உலகம் அறிந்ததே 1981இல்தான். சிவப்பு மூக்கு, சிவப்புக் கால், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கோடு. ஹாபுவை ஒழிக்க 1910இல் கொண்டுவந்து விட்ட கீரிகள் பாம்பை விட்டுவிட்டு இதைத்தான் பிடித்தன. விடிகாலையில் சாலையோரத்தில் புழு பொறுக்க வரும். வண்டியை மெல்ல ஓட்டுங்கள், பார்த்தாலும் இறங்கித் துரத்தாதீர்கள். கண்ணில் படவில்லை என்றால் அதா கிராமத்தில் இதற்கென்றே ஒரு பார்வைக்கூடம் இருக்கிறது.

ஹிஜி அருவி 25.7 மீட்டர் உயரம். போகும் வழி 1.5 கிலோமீட்டர், தொங்குபாலம் ஒன்று, மீதி பெரும்பாலும் மரப்படி. போக முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கனமழைக்குப் பிறகு மூடிவிடுவார்கள். கால் வலிக்கும் என்பவர்கள் கெசாஷியில் அலையாத்திக் காட்டுக்குள் படகு துடுப்பு போடலாம்; நீர் ஏற்றம் பார்த்து நேரம் குறிப்பார்கள், அதனால் முன்பதிவு வேண்டும்.

பிற்பகல் தீவின் வட முனையான ஹெதோ. வானம் தெளிந்திருந்தால் வடக்கே யோரோன் தீவு தெரியும். அந்தத் தீவு 1953இல் ஜப்பானிடம் திரும்பிவிட்டது. ஒகினாவா திரும்பியது 1972இல். இடைப்பட்ட காலத்தில் 27ஆம் அட்சரேகைதான் எல்லை. இரு கரையிலும் சொக்கப்பனை மாதிரி தீ மூட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். இரு பக்கத்துப் படகுகளும் கிளம்பிப் போய் நடுக்கடலில் அந்தக் கோட்டில் சந்தித்துக்கொண்டன. நினைவுக்கல் அங்கே இருக்கிறது. காற்று பலமாக அடிக்கும், தொப்பி பத்திரம்.

இங்கிருந்து நாஹா இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

ஆறாம் நாள் கிடைத்தால்

நாஹாவின் தோமாரி துறைமுகத்திலிருந்து கெராமா தீவுகளுக்குக் கப்பல் போகிறது. தோகாஷிகிக்கு விரைவுப் படகில் 35 நிமிடம், ஜாமாமிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2014இல் தேசியப் பூங்காவானது. ஜனவரி முதல் மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கிலம், மற்ற மாதங்களில் பவளமும் கடலாமையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹாபு ஜெல்லிமீன் வரும் என்பதால் வலை கட்டிய இடத்தில் மட்டும் குளியுங்கள். கொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது. வினிகரை ஊற்றி, ஒட்டியிருப்பதை மெல்ல எடுத்து, மருத்துவரிடம் போக வேண்டும். கடற்கரைகளில் வினிகர் வைத்திருப்பார்கள்.

சீட்டை முன்பதிவு செய்துவிட்டு, காலையில் கப்பல் உண்டா என்று கேட்டுவிட்டே அறையிலிருந்து கிளம்புங்கள். அலை பெரிதாக இருந்தால் விரைவுப் படகைத்தான் முதலில் நிறுத்துவார்கள். எனக்கு அப்படித்தான் நின்றது. திரும்பி வந்து, மழையில் கின்ஜோ கல்பாதையில் இன்னொரு தடவை இறங்கினேன், இந்தமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.